கப்ரால் அர்மானின் முழங்கை

பாறையே இல்லாத ஊரில் பாறை ஏறுகிற மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டவள் தெரேஸ். புதுச்சேரியைச் சுற்றி எங்கே பார்த்தாலும் தரை தட்டையாகத்தான் கிடக்கிறது. கிழக்கே கடல், மற்ற பக்கமெல்லாம் வயல், தோப்பு, ஏரி. ஊரிலேயே உயரமான இடம் எது என்று கேட்டால் மாதா கோயில் கோபுரத்தைக் காட்டுவார்கள், இல்லாவிட்டால் கலங்கரை விளக்கத்தைக் காட்டுவார்கள். இப்படிப்பட்ட ஊரில் பிறந்த ஆம்பளைக்கு மீன் பிடிக்க ஆசை வரலாம். சீட்டாட ஆசை வரலாம். கள்ளுக்கடையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேச ஆசை வரலாம். அதெல்லாம் வந்திருந்தால் அவளும் நாலு பெண்களைப் போலத் திட்டிக்கொண்டே காலம் தள்ளியிருப்பாள். அவள் புருஷன் அர்மானுக்குப் போயும் போயும் பாறை ஏறுகிற ஆசையல்லவா வந்து தொலைத்தது!

அர்மான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர். பட்டாளக்காரர்களை ஊரில் சொல்தா என்றுதான் சொல்வார்கள். இவர் கப்ரால் பதவிவரை போனவர் என்பதால் தெருவில் அவருக்குக் கப்ரால் என்றே பெயர். கல்யாணம் ஆன மறுமாதமே கப்பல் ஏறிவிட்டார். அதற்கப்புறம் தெரேசுக்கு வாய்த்தது புருஷன் இல்லை, தபால்காரன்தான். யுத்தம் நடந்த சைகோனிலிருந்து கடுதாசி வந்தால் மனுஷன் உயிரோடு இருக்கிறார் என்று சோறு இறங்கும். வராவிட்டால் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் பட்டினி கிடப்பாள். வருஷக்கணக்காக இதே பிழைப்பு.

நடுவில் ஒரு குளிர்காலம் அவரைப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். போன இடத்தில் மலைப் பட்டாளத்தோடு சேர்த்துவிட்டு, கயிறு கட்டிப் பாறை ஏறவும் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். கடலோரத்தில் பிறந்த இந்தத் தமிழன் மற்ற எல்லோரையும்விடத் துடியாக ஏறுகிறான் என்று அங்கே இருந்த சார்ஜெண்ட் இவரைத்தான் முதல் ஆளாக மேலே அனுப்புவாராம். "அர்மான், நீ முன்னால!" அவ்வளவுதான். அந்தப் பெருமை தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, அப்புறம் இறங்கவே இல்லை.

ஐம்பத்தாறில் பென்ஷனோடு வீடு வந்து சேர்ந்தார். இனிமேல் தபால்காரன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்று தெரேஸ் மாதாவுக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள், செஞ்சிக்குப் போகிற பஸ் எங்கே நிற்கும் என்று விசாரித்துக்கொண்டு வந்து நின்றார் மனுஷன். திண்டிவனம் தாண்டிச் செஞ்சிப் பக்கம் போனால் யானை யானையாகப் பாறைகள் குவிந்து கிடக்கின்றனவாமே! எல்லோரும் அங்கே போவது கோட்டை பார்க்க. இவர் மட்டும் கோட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டோரப் பாறையில் தொற்றுவார்.

ஒரு ஞாயிறு செஞ்சிப் பாறை, அடுத்த ஞாயிறு ஊசுட்டேரியில் வாத்து வேட்டை. இப்படி முறை வைத்துக்கொண்டார். வாத்து வேட்டையில் தெரேசுக்கு ஒரு குறையும் இல்லை. துப்பாக்கியோடு போவார், மத்தியானத்துக்குள் வாத்தோடு வந்துவிடுவார், அவள் மிளகு அரைத்துக் குழம்பு வைப்பாள். பாறைதான் அவளுக்கு ஆகவில்லை. செஞ்சி ஞாயிறுகளில் பொழுது சாய ஆரம்பித்ததும் அவளுக்கு உட்காரப் பிடிக்காது. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பாள். கடைசி பஸ் வந்து, தெருமுனையில் அவர் பூட்ஸ் சத்தம் கேட்கிறவரை அவள் உயிர் அவளிடம் இருக்காது. ஒருமுறை முட்டி கிழிந்து வந்தார், ஒருமுறை தாடை பெயர்ந்து வந்தார்.

"நீங்க யுத்தத்துல இருந்தப்ப பயந்து பயந்து செத்தேன். அதுக்காவது சர்க்காரு பென்ஷன் குடுக்குது. இதுக்கு எவன் குடுப்பான்?" என்று கேட்டாள் ஒருநாள்.

"பாறையில யாரும் சுட மாட்டாங்க தெரேஸ்" என்றார் அவர், பெரிய ஆறுதல் சொல்கிற மாதிரி.

பாறைக்குப் போகாத நாளில் சும்மா இருப்பாரா? கொல்லையில் இருந்த இரண்டு தென்னைக்கும் நடுவே ஓர் இரும்புக் குழாயைக் கட்டிவிட்டார். காலையில் எழுந்ததும் அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, மோவாய் குழாயில் முட்டுகிறவரை உடம்பை மேலே இழுப்பார், இறக்குவார், மறுபடியும் இழுப்பார். முகம் கன்றிச் சிவக்கும். பக்கத்து வீட்டு ஆதிலட்சுமி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "கப்ராலு எதுக்கு அக்கா காலங்காத்தால தூக்கு மாட்டிக்கினு நிக்கிறாரு?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

ஐம்பத்தெட்டில் மழைக்காலம் முடிகிற சமயம். காப்பியைக் கையில் வாங்கினவர் கோப்பையைக் கீழே போட்டார். கல்யாணச் சீராக வந்த பீங்கான். நாலு துண்டு.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. கோப்ப வழுக்கிடுச்சு."

"கோப்ப வழுக்குச்சா, கை வழுக்குச்சா?"

அவர் வலது முழங்கையைத் தேய்த்துக்கொண்டார். இடுப்பைத் தொடுகிற பக்கமாக முழங்கையில் ஓர் எலும்பு துருத்திக்கொண்டு இருக்கும் பாருங்கள், அங்கேதான் வலி. கையை நீட்டினால் வலி, மடக்கினால் வலி, துணி பிழிந்தால் வலி, கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டால் வலி. எல்லாவற்றுக்கும் வலித்த கை, காலையில் அந்தக் குழாயைப் பிடிக்க மட்டும் தவறாமல் போனது. "பழகப் பழகச் சரியாயிடும்" என்றார். பழகப் பழக மோசமாயிற்று.

ஆதிலட்சுமி சொன்னாள்: "கண்ணு பட்டுடுச்சு அக்கா. ஊரே பாக்க மரத்துல தொங்குனா படாம இன்னா செய்யும்? மொளகா சுத்திப் போடு." தெரேஸ் கோயிலுக்குத் தெரியாமல் மிளகாயும் சுற்றிப் போட்டாள். வில்லியனூர் மாதாவிடம் போய்த் தகட்டில் செய்த கையும் காணிக்கை வைத்தாள். முழங்கை மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கடைக்காரனிடம் கேட்டதற்கு அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். முழுக் கையாகவே வாங்கிவிட்டு, மாதாவே, முழங்கையை மட்டும் பார்த்துக்கொள், மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று விளக்கமும் சொல்லிவிட்டு வந்தாள்.

அப்புறம் கனகசெட்டிக்குளத்திலிருந்து பாவாடை என்கிற கட்டு வைத்தியரை வரவழைத்தாள். அவர் முழங்கையைப் பிடித்து அமுக்கினார். கப்ரால் பல்லைக் கடித்தார். "எலும்பு எடம் மாறிக்கினு கீது" என்று சொல்லி, உளுந்து மாவையும் முட்டை வெள்ளையையும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார். "அவுக்கக் கூடாது" என்றார். ரெண்டாம் நாளே வீடு முழுக்க முட்டை நாற்றம். மூன்றாம் நாள் காலையில் கொல்லைப் பக்கம் போன தெரேஸ் பார்த்தது என்ன தெரியுமா? கட்டும் பத்தையும் தென்னை அடியில் கிடக்கின்றன, கப்ரால் குழாயில் தொங்குகிறார்.

"ஏங்க, ஒங்களுக்குக் கையில வியாதியா, மூளையில வியாதியா?"

"கட்டோட தொங்க முடியல தெரேஸ்."

இதற்கு மேல் ஒரு மனுஷி என்னதான் சொல்ல முடியும்!

கடற்கரைக்குப் பக்கத்தில், வெள்ளைக்காரத் தெருவில், டாக்டர் மர்த்தேன் என்று ஒரு பிரெஞ்சுக்காரர் இருந்தார். பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறினதும் மற்ற வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டியபோது இவர் மட்டும் ஊரை விட்டுப் போக மனமில்லாமல் தங்கிவிட்டார். தமிழ் ஒரு வார்த்தை வராது. தெரேஸ் கன்னியாஸ்திரிகள் நடத்திய கன்னிமார் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் செர்த்திபிகா பரீட்சை வரை படித்தவள். "நானும் கூட வரேன்" என்றாள்.

அவ்வளவுதான், கப்ராலுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "எனக்கு எதுக்குத் துபாசி? பிரெஞ்சுக்காரனோட ஒரே தட்டுல தின்னவன் நான். நீ புஸ்தகத்துல படிச்ச, நான் வாயில பேசினேன். வீட்டப் பாரு." சட்டையில் பதக்கத்தைக் குத்திக்கொண்டு தனியாகப் போனார். முழங்கை வலிக்கு எதற்குப் பதக்கம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது.

திரும்பி வந்தவர் முகம் தொங்கிப்போயிருந்தது.

"என்ன சொன்னாரு?"

"இனிமே சுடவே கூடாதுன்னுட்டார்."

"என்னது?"

"துப்பாக்கி சுடக் கூடாதாம். கண்டிப்பாச் சொல்லிட்டார். மூணு தடவ சொன்னார்."

"முழங்கை வலிக்கும் துப்பாக்கிக்கும் என்னங்க சம்பந்தம்? துப்பாக்கி தோள்லதான ஒதைக்கும்?"

"தோள்ல ஒதைச்சாலும் அதிர்ச்சி கையிலதான் எறங்கும். ஒனக்கென்ன தெரியும்?"

"பாறை ஏறறதப் பத்தி?"

"அதப் பத்தி ஒரு வார்த்த சொல்லல."

தெரேசுக்கு அந்த டாக்டர் மேல் ஆத்திரமாக வந்தது. மெத்தப் படித்த மனுஷன், நல்லதை விட்டுவிட்டுக் கெட்டதை வைத்துக்கொள்ளச் சொல்கிறாரே! ஆனால் கப்ரால் உத்தரவு என்றால் உத்தரவு என்று நிற்கிறவர். துப்பாக்கியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, கடைசியாக ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, ஆதிலட்சுமியின் புருஷன் அரிகிருஷ்ணனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். அரிகிருஷ்ணனிடம் லைசென்சு இருந்தது, நல்ல துப்பாக்கிதான் இல்லாமல் இருந்தது. அடுத்த ஞாயிறு முதல் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாத்துக் குழம்பு வாசனை வர ஆரம்பித்தது. ஆதிலட்சுமிக்கு மிளகு எவ்வளவு போடவேண்டும் என்றே தெரியாது. வாசனையிலேயே தெரிந்தது.

வாத்து வேட்டை நின்றுபோனதால் இனி எல்லா ஞாயிறும் செஞ்சிதான். சுட்டதால் பலவீனமான கையைப் பலப்படுத்த வேண்டும் என்று காலையில் குழாயில் தொங்கியது போதாமல் சாயங்காலமும் தொங்க ஆரம்பித்தார். பங்குனி பிறப்பதற்குள் அவரால் சட்டைப் பித்தானைப் போட முடியவில்லை. தெரேஸ் போட்டுவிட்டாள். மீனில் முள் எடுத்துக் கொடுத்தாள். ஒருநாள் சவரம்கூடச் செய்துவிட்டாள். அப்போது கன்னத்தில் கத்தி இருந்ததால் அவர் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு அன்றைக்கு மட்டும் கொஞ்சம் நிம்மதி.

மற்ற நேரமெல்லாம் வலியில் எரிந்து விழுந்தார். "சுடறத விட்டும் ஏன் போகல? ஏன் போகல?" என்று அவளையே கேட்டார். அவளா சுடச் சொன்னாள், அவளா விடச் சொன்னாள்! பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் அவர் தூங்குகிற மத்தியான நேரமாகப் பார்த்துக் குடையை எடுத்துக்கொண்டு டாக்டர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

டாக்டர் மர்த்தேன் வழுக்கைத் தலையும் பெரிய காதுமாக இருந்தார். தெரேஸ் பிரெஞ்சில் பேசினாள். பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு, துருப்பிடித்துப்போயிருந்தது, ஆனாலும் கோபம் இருந்ததால் வார்த்தை தானாக வந்தது.

"முசியே, நீங்கள் சொன்னபடி என் கணவர் துப்பாக்கியைத் தொடுவதே இல்லை. யாருக்கோ கொடுத்துவிட்டார். கை இன்னும் மோசமாகத்தான் ஆகியிருக்கிறது. இது என்ன வைத்தியம்?"

டாக்டர் விழித்தார். "என்ன துப்பாக்கி?"

"நீங்கள்தானே சுடக் கூடாது என்றீர்கள்!"

"நானா? அம்மா, நான் துப்பாக்கியைப் பற்றிப் பேசவே இல்லையே. கம்பியில் தொங்கி உடம்பை இழுப்பதாக அவர் சைகையில் காட்டினார். இனிமேல் தீரே செய்யாதீர்கள் என்று..." சொல்லிக்கொண்டே டாக்டர் மேஜை இழுப்பறையைப் பிடித்து வெளியே இழுத்துக் காட்டினார். "தீரே!"

தெரேசுக்கு அப்போதுதான் விளங்கியது. பிரெஞ்சில் தீரே என்றால் சுடுவது. தீரே என்றால் இழுப்பதும்தான். கன்னிமார் பள்ளிக்கூடத்தில் முதல் வருஷமே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். பட்டாளத்தில் யார் சொல்லிக் கொடுப்பது? துப்பாக்கியும் கையுமாக இருந்த ஆளுக்கு அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். இழுக்காதே என்று டாக்டர் மூன்று தடவை சொல்லியிருக்கிறார். இந்த மனுஷன் பதக்கத்தோடு உட்கார்ந்து, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, வாத்தை விட்டுவிட்டு வந்து இரண்டு வேளையும் இழுத்திருக்கிறார்! அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பற்றிக்கொண்டுதான் வந்தது.

தெரேஸ் செஞ்சிப் பாறைக் கதையையும் சொன்னாள். டாக்டர் மலை நாட்டில் பிறந்தவர். அவர் ஊரில் பாறை ஏறுகிற பையன்களுக்கெல்லாம் வருகிற தொந்தரவுதான் இது என்றார். விரலையும் மணிக்கட்டையும் மடக்குகிற தசை எல்லாம் அந்த முழங்கை எலும்பில் வந்துதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஓயாமல் இழுத்தால் ஒட்டின இடம் நைந்து போகிறது, நைந்த இடத்தை ஆறவிடாமல் மறுபடியும் இழுத்தால் எப்படி ஆறும் என்று கேட்டார். கொஞ்ச காலம் கைக்கு ஓய்வு, சூட்டு ஒத்தடம். வலி மட்டுப்பட்டதும் ஒரு பயிற்சி. இப்படியே விட்டால் அடுத்த மழைக்குள் விரல் எதையும் பிடிக்காது என்றார்.

"பாறையில் பாதி ஏறினபோது அப்படி ஆனால்?" என்று கேட்டாள் தெரேஸ். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் சொல்கிறபடி கேட்டால் பூரணமாகக் குணமாகும் அம்மா. இன்னும் பல வருஷம் ஏறலாம்" என்று ஆறுதலாகச் சேர்த்துக்கொண்டார்.

என்ன ஆறுதலோ! வலி இருந்தால் கை போய்விடும். வலி போனால் புருஷன் போய்விடுவார், செஞ்சிக்கு. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் தெரேஸ் இதைத்தான் மனசுக்குள் புரட்டிக்கொண்டு வந்தாள். மாதாவும் டாக்டரும் சேர்ந்துகொண்டு அவளை நடுத்தெருவில் நிறுத்திவிட்ட மாதிரி இருந்தது.

கொல்லைக்குப் போனாள். மனுஷன் தொங்கிக்கொண்டிருந்தார்.

"எறங்குங்க."

"இன்னும் கொஞ்சந்தான்..."

"எறங்குங்கன்றேன்! தீரேன்னா என்ன அர்த்தம்?"

"இதென்ன கேள்வி? சுடறது."

"வேற?"

"வேற என்ன, சுடறதுதான்."

"இப்ப அந்தக் கொழாயில நீங்க செய்யறது என்னது? ஒடம்ப இழுக்கறீங்க இல்ல? அதுக்கும் தீரேதான். டாக்டரப் பாத்துட்டுத்தான் வரேன். இழுக்காதடா பாவின்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டிருக்காரு அந்த மனுஷன். நீங்க என்னடான்னா துப்பாக்கியத் தூக்கிப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டு வந்து ரெண்டு வேளையும் இழுத்துக்கிட்டு நிக்கறீங்க!"

அவர் குழாயை விட்டார். தரையில் நின்றார். உதடு மட்டும் அசைந்தது. "கயித்த இழுக்கச் சொன்னா 'செக்'குன்னுதான் சொல்வாங்க. மலையில அப்படித்தான் கத்துவாங்க. தீரேன்னு யாரும் சொன்னதில்லியே..." என்று முனகினார். இன்னும் நாலு வார்த்தை வைத்திருந்தாள் அவள், வரிசையாக, சூடாக. அவர் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. இத்தனை வருஷமாக அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்ததே அந்தப் பிரெஞ்சை வைத்துத்தான். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் தெருவில் பழைய சொல்தாக்கள் பிரெஞ்சில் விசாரித்தால்கூட, "வணக்கம், வணக்கம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. திட்டுவதற்கு ஆள் நிமிர்ந்து நிற்க வேண்டும்.

குழாயை அவிழ்த்தாயிற்று. கையைத் தூளியில் போட்டாயிற்று. உப்பை வறுத்து மூட்டை கட்டி ஒத்தடம் கொடுத்தாள் தெரேஸ். வலி மட்டுப்பட்டதும் டாக்டர் சொன்ன பயிற்சி. மேஜைமேல் முன்னங்கையை மல்லாக்க வைத்து, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே விட்டு, உள்ளங்கையில் அம்மிக் குழவியைக் கொடுக்க வேண்டும். மணிக்கட்டை மேலே தூக்குவது இடது கையின் உதவியோடு. இறக்குவது மட்டும் வலிக்கிற கையால், மெள்ள, மெள்ள.

"மெதுவா எறக்குங்க."

"மெதுவாத்தான் எறக்கறேன்."

"இதா மெதுவு? மாடு தண்ணி குடிக்க எறங்கற மாதிரி எறக்கறீங்க. மறுபடியும்."

"நீ சார்ஜெண்டா போயிருக்கலாம் தெரேஸ்."

"போயிருந்தா ஒங்களை அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

குழவி மேஜைக்குப் போய்விட்டதால் அம்மி சும்மா கிடந்தது. தெரேஸ் ஆதிலட்சுமி வீட்டில் போய்ச் சட்னி அரைத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டோடு கிடந்த கப்ரால் இருக்கிறாரே, அப்பப்பா! அடுப்படியில் இருந்த டப்பாக்களை உயர வாரியாக வரிசையில் நிறுத்தினார். உப்பைத் தேடி அவள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். சோறு ஒரு நிமிஷம் தாமதமானால் கடியாரத்தைப் பார்த்தார். துடைப்பத்தை எப்படிச் சாத்த வேண்டும் என்று வகுப்பு எடுத்தார். இந்த மனுஷன் வீட்டோடு இருக்க வேண்டும் என்றா இத்தனை வருஷம் மெழுகுவத்தி வாங்கினோம் என்று அவளுக்கே ஆகிவிட்டது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்கள் இருந்தனவே, அவற்றைப் பற்றி அவளால் பொய் சொல்ல முடியாது. வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்க வேண்டியதில்லை. எந்த பஸ்ஸும் வர வேண்டியதில்லை. பூசை முடிந்து இரண்டு பேருமாகக் கடற்கரைக்குப் போவார்கள். தூளியில் கையோடு அவர் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் அவள் சுண்டலைப் பிரித்துக் கொடுப்பாள். கல்யாணம் ஆனதிலிருந்து இப்படி ஒரு காலம் அவளுக்குக் கிடைத்ததே இல்லை. சந்தோஷமாக இருந்தாள். ஒருநாள் அவர் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "எவ்வளவு தட்டையா இருக்கு பாரு" என்றார். அன்றைக்குச் சுண்டல் அவளுக்கு இறங்கவில்லை.

ஆவணி வாக்கில் டாக்டரிடம் கடைசியாகக் காட்டப் போனார்கள். இந்த முறை அவர் பதக்கம் குத்திக்கொள்ளவில்லை. "நீயே பேசு. நான் வாயத் திறக்கல" என்று வழியிலேயே சொல்லிவிட்டார். டாக்டர் முழங்கையை அமுக்கினார், திருப்பினார், தன் கையைப் பிடித்து நெரிக்கச் சொன்னார். கப்ரால் நெரித்த நெரிப்பில் டாக்டர் "போதும், போதும்!" என்று சிரித்துக்கொண்டே கையை உருவிக்கொண்டார். அப்புறம் கப்ரால் முகத்தைப் பார்த்துப் பளிச்சென்று சொன்னார்:

"சே கெரி. வூ பூவே க்ரெம்ப்பே."

குணமாகிவிட்டது, நீங்கள் ஏறலாம். இதில் புரியாத வார்த்தை ஒன்றும் இல்லை. க்ரெம்ப்பே என்றால் ஏறுவது. அதற்கு இரண்டாவது அர்த்தம் கிடையாது. மலைப் பட்டாளத்தில் விடிந்தால் அடைந்தால் அவர் கேட்ட வார்த்தை அது. அதைக் கேட்டதும் அவர் முதுகு நிமிர்ந்ததைத் தெரேஸ் பார்த்தாள். கண் மினுக்கென்றதையும் பார்த்தாள். புரிந்துவிட்டது, நன்றாகப் புரிந்துவிட்டது.

ஆனால் அவர் டாக்டருக்குப் பதில் சொல்லவில்லை. அவள் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்றாரு தெரேஸ்?"

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. கப்பல் ஏறினபோது கேட்டாரா? குழாய் கட்டினபோது கேட்டாரா? பாறைக்குப் போகட்டுமா என்று ஒரு ஞாயிறு, ஒரே ஒரு ஞாயிறு கேட்டிருப்பாரா? கேட்டிருந்தால் வாய் நிறையக் கூடாது என்று சொல்லியிருப்பாளே! அப்போதெல்லாம் கேட்காமல் இருந்துவிட்டு, இன்றைக்கு வந்து, ஒன்றும் புரியாத பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்கிறாரே! கூடாதாம் என்று சொன்னால் முடிந்தது. நாக்கு நுனியில் வந்தே விட்டது. அவர் ஏன் என்று கேட்க மாட்டார், டாக்டரைத் திரும்பிப் பார்க்கவும் மாட்டார். சரி என்று எழுந்து அவளோடு நடந்து வந்து, சாகிறவரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தட்டைக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பொய் என்று தெரிந்தே உட்கார்ந்திருப்பார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"ஏறலாமாம்" என்றாள். குரல் கடுகடு என்றிருந்தது. "கையால இழுக்காம காலால ஏறணுமாம். கை பிடிச்சுக்க மட்டும்தானாம். ஏறறதுக்கு முன்னால ஒடம்ப சூடு பண்ணிக்கணுமாம். வாராவாரம் போகக் கூடாதாம், கைக்கு ஓய்வு வேணுமாம். கொழவிய விடாம எறக்கணுமாம். வலிச்சா அந்த நிமிஷமே எறங்கிடணுமாம், பெருமைக்கு மேல மேல போகக் கூடாதாம். பொழுது சாயறதுக்கு முன்னாடி பஸ்ஸுல குந்தியிருக்கணுமாம். வீட்டுல ஒருத்தி வாசல்லயே நிக்கறான்னு நெனப்பு இருக்கணுமாம்."

கப்ரால் அசையாமல் கேட்டுக்கொண்டார். கடைசி வார்த்தை முடிந்ததும், அதிகாரிக்குச் சொல்கிற மாதிரி, ஆனால் அவளைப் பார்த்து, ரொம்ப நாளைக்கப்புறம் பிரெஞ்சில், "வீ" என்றார். சரி என்று.

டாக்டர் மர்த்தேன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் சொன்னது ஒரு வரிதானே, அம்மா? இவ்வளவு நேரம் என்ன சொன்னீர்கள்?"

"தமிழில் சொன்னால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும், முசியே" என்றாள் தெரேஸ். அதற்குள் கண்ணில் நிறைந்துவிட்டது, குடையைத் தேடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.